சைகோன் 1970 நாடகம்: அமெரிக்க சிப்பாய் உடைக்கு வுட்லேண்ட் சட்டை சரிவருமா?

மேடைச்சாமான்_புதுவை:

வணக்கம். டிசம்பர் கடைசியில் முத்தியால்பேட்டையில் ஒரு நாடகம். கதை நடப்பது சைகோனில், 1970 ஜூன் மாதம். தூ தோ தெருவில், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து ரூ கத்தினாவில், ஒரு பாண்டிக்காரர் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். இரண்டு அமெரிக்க சிப்பாய்கள் உள்ளே வந்து பட்டுத்துணி பேரம் பேசுகிறார்கள். காட்சி பன்னிரண்டு நிமிடம்தான். ஆனால் முதல் வரிசை மேடைக்கு ஆறடியில் இருக்கும். சைகோனிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர்கள் நாலைந்து பேர் அதில் உட்காருவார்கள்.

இதுவரை சேர்ந்தவை: சண்டே மார்க்கெட்டில் கிடைத்த வுட்லேண்ட் உருமறைப்புச் சட்டை இரண்டு (உள்லேபிளில் டி.எல்.ஏ.100-87-சி என்று ஒரு எண் தொடங்குகிறது; துணி பாதி நைலான், பாதி பருத்தி), பிளாஸ்டிக் பக்கிள் வைத்த பச்சை நைலான் பெல்ட் இரண்டு, காதை மூடும் ஹெல்மெட் ஒன்று, போலீஸ் ஷூ இரண்டு ஜோடி. கையில் மிச்சம் 9,000 ரூபாய். இதையே ஒப்பேற்றலாமா, எதை மாற்றியே ஆகவேண்டும்?

ஓஜி_107:

நான்குமே ஆகாது. சட்டையும் பெல்ட்டும் அசல் சரக்காகவே இருக்கலாம். ஆனால் உங்கள் கதைக்குப் பிந்தியவை.

வுட்லேண்ட் சட்டை பி.டி.யு. என்ற சீருடையின் பகுதி. அது வந்தது 1981இல். உங்கள் லேபிளே அதைச் சொல்லிவிடுகிறது. டி.எல்.ஏ.100க்கு அடுத்து வரும் இரண்டு இலக்கம் ஒப்பந்த ஆண்டு, ஆக 1987. அமெரிக்க ராணுவக் கொள்முதல் நிறுவனத்துக்கு டி.எல்.ஏ. என்று பெயர் வந்ததே 1977இல்தான். அதற்கு முன் டி.எஸ்.ஏ. உங்களுக்கு வேண்டியது டி.எஸ்.ஏ.100-69 போல ஒரு எண். லேபிளில் ஒப்பந்த எண் அழிந்திருந்தால் சரக்கு எண்ணை எண்ணிப் பாருங்கள். 11 இலக்கம் என்றால் பழைய முறை. 4-2-3-4 என்று பிரிந்த 13 இலக்கம் என்றால் 1974க்குப் பிந்தியது. சண்டே மார்க்கெட்டில் "வியட்நாம் பீஸ் சார்" என்று சொல்பவரிடம் இந்த ஒரு கணக்கு போதும்.

நைலான் பெல்ட் ஆலிஸ் என்ற சுமைத்தொகுதியைச் சேர்ந்தது. அதை ராணுவம் ஏற்றுக்கொண்டது 1973 ஜனவரியில். பிளாஸ்டிக் பக்கிள் அதற்கும் பிறகு. 1970இல் பரவலாக இருந்தது 1956 மாடல், பருத்திக் கேன்வாஸ், உலோகக் கொக்கி. காதையும் பிடரியையும் மூடும் ஹெல்மெட் கெவ்லார் என்ற செயற்கை இழையில் செய்த காலத்து வடிவம்; போரில் அது முதலில் தெரிந்தது 1983 கிரெனடாவில். வியட்நாமில் இருந்தது எம்-1 இரும்புத் தொப்பி, விளிம்பு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே உயரம், காது வெளியே தெரியும்.

சரி, இதையெல்லாம் தேடி அலைய வேண்டுமா? வேண்டாம். காட்சியை மறுபடி படியுங்கள். சைகோன் நகரத்துக்குள், வேலை முடிந்து, துணி வாங்க வருகிறவன் தலையில் இரும்புத் தொப்பி ஏன்? இடுப்பில் தோட்டாப் பை ஏன்? அது காட்டிலிருந்து வருகிறவனின் கோலம். நகரத்து ராணுவ அலுவலகத்தில் கிளார்க் வேலை பார்த்தவன் பச்சைச் சட்டை, பச்சைக் கால்சட்டை, பேஸ்பால் தொப்பி, கறுப்பு பூட்ஸோடு வருவான். உருமறைப்பும் வேண்டாம், அன்றைக்குப் பெரும்பாலான தரைப்படைக்காரர்கள் உடுத்தியது வெறும் ஆலிவ் பச்சை. தைத்துவிடலாம்.

பாபின்_மஞ்சக்குப்பம்:

தைப்பதாக இருந்தால் சொல்கிறேன். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஓஜி-107 சட்டை (ஓஜி-107 என்பது அமெரிக்க ராணுவத்தின் ஆலிவ் பச்சை நிற எண், அதுவே இந்தச் சட்டைக்குப் பெயராகிவிட்டது): கனத்த பருத்தி சாட்டீன், சதுர கஜத்துக்கு 8.5 அவுன்ஸ், நம் கணக்கில் சுமார் 290 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்). இரண்டு மார்புப் பாக்கெட், கால்சட்டைக்குள் செருகுவது. இன்னொன்று வெப்பமண்டலச் சட்டை, ஜங்கிள் ஃபட்டீக் என்பார்கள்: மெல்லிய பாப்ளின், நாலு பாக்கெட், வெளியே விடுவது. 1970இல் வியட்நாமுக்கு இரண்டாவதுதான் பொருத்தம். மேடை விளக்குச் சூட்டில் நடிகருக்கும் அதுதான் நல்லது.

துணி: 170 முதல் 200 ஜி.எஸ்.எம். நூறு சதவீதம் பருத்திப் பாப்ளின். 58 அங்குல அகலத்தில் சட்டைக்கு 2.25 மீட்டர், கால்சட்டைக்கு 1.75 மீட்டர். வெட்டுவதற்கு முன் துணியை ஒரு ராத்திரி ஊறவைத்து அலசிக் காயவைக்க வேண்டும். சுருங்குவதற்காக ஒரு செட்டுக்குக் கால் மீட்டர் கூட்டுங்கள். இரண்டு செட்டுக்கு 8.5 மீட்டர். நனைக்காமல் தைத்தால் முதல் சலவைக்கே பாக்கெட் மூடி முறுக்கிக்கொள்ளும்.

எல்லாத் தையற்காரரும் தவறும் இடம் மார்புப் பாக்கெட். அது நேராக இருக்காது, சாய்ந்திருக்கும். சாய்வு எந்தப் பக்கம் என்பதில்தான் சிக்கல். வாய் நெஞ்சின் நடுவைப் பார்க்க வேண்டும். அதாவது பட்டன் வரிசைப் பக்கம் தாழ்ந்தும் கை பக்கம் உயர்ந்தும் இருக்க வேண்டும். வலக்கை இடப்பக்கப் பாக்கெட்டுக்குள் இயல்பாக நுழைவதற்கான ஏற்பாடு அது. தலைகீழாகச் சாய்த்துத் தைத்தால் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிதான். கீழ்ப் பாக்கெட் இரண்டும் நேராகவே இருக்கும். நாலுக்கும் பக்கத்தில் ஒரு அங்குல மடிப்பு விடுங்கள், நிரப்பினால் உப்ப வேண்டும். இந்தச் சட்டை காலப்போக்கில் மாறி வந்தது; 1970இல் அதிகம் புழங்கிய அதன் மூன்றாம் வகையில் பாக்கெட் பட்டன் வெளியே தெரியாது. மூடி இரண்டு அடுக்கு, பட்டன்காஜா உள் அடுக்கில். தோள்பட்டி கிடையாது, இடுப்பு இறுக்கும் பட்டை கிடையாது. இதனால் வேலை குறைவு.

பட்டன் 30 லைன், சுமார் 19 மி.மீ., நாலு கண், மங்கலான கரும்பச்சை. பளபளப்பு இருந்தால் 400 நம்பர் உப்புத்தாளில் ஒரு தேய்.

கால்சட்டையில் தொடைப் பக்கம் இரண்டு பெரிய பாக்கெட், காலடியில் கட்டுநாடா. நாடாவை பூட்ஸின் மேல்விளிம்புக்கு மேலே கட்டித் துணியைத் தொங்கவிட வேண்டும். இன்னொன்று: நம் ஊர் நடிகர்கள் சீருடை என்றதும் சட்டையை உள்ளே விட்டு பெல்ட்டை இறுக்குவார்கள். இந்தச் சட்டை வெளியே. ஒத்திகையிலேயே பழக்குங்கள்.

மேடைச்சாமான்_புதுவை:

மிக்க நன்றி. நேரு வீதியில் சரியான பச்சை இல்லை. கிளிப்பச்சை இருக்கிறது, இல்லாவிட்டால் போலீஸ் காக்கி. வெள்ளைப் பாப்ளின் வாங்கிச் சாயம் போடலாமா? பாபின் அண்ணன் எடைக்கணக்கும் சொன்னால் உதவி.

பாபின்_மஞ்சக்குப்பம்:

வெள்ளையே நல்லது. காக்கி மேல் போட்டால் பழுப்பு ஏறி, மஞ்சள் விளக்கில் சேற்று நிறமாகிவிடும். 4.25 மீட்டர் துணி 200 ஜி.எஸ்.எம்.மில் சுமார் 1.25 கிலோ வரும். சாயக் கணக்கு சாயத்தொட்டி சொல்லட்டும், அது அவர் துறை. ஒரே எச்சரிக்கை: தைத்த பிறகு சாயம் போடுவதாக இருந்தால் பருத்தி நூலில் தையுங்கள். பாலியஸ்டர் நூல் சாயம் குடிக்காது, தையல் எல்லாம் வெள்ளைக் கோடாக நிற்கும்.

சாயத்தொட்டி:

குளிர்நீர் ரியாக்டிவ் சாயம் வாங்குங்கள். ஒரு செட்டுக்கு, அதாவது 1.25 கிலோவுக்கு: தண்ணீர் 12.5 லிட்டர், சாயம் 35 முதல் 40 கிராம், கல் உப்பு 625 கிராம், சோடா ஆஷ் 250 கிராம். சாயத்தைக் கரைத்து நனைந்த துணியை விடுங்கள். உப்பை மூன்று தவணையாகப் போட்டு இருபது நிமிடம் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு சோடாவைத் தனியாக வெந்நீரில் கரைத்து, துணியை ஓரம் ஒதுக்கி, தண்ணீரில் ஊற்றி, ஒரு மணி நேரம். சோடா நேராகத் துணிமேல் விழுந்தால் அந்த இடம் திட்டு. தண்ணீர் தெளியும் வரை அலசி, கடைசியில் கொதிநீரில் சோப்பு போட்டு எடுங்கள். இதை விட்டால் நடிகர் வியர்த்ததும் கழுத்து பச்சையாகும்.

நிறக்கலவை: பச்சைச் சாயம் வாங்காதீர்கள். மஞ்சளோடு கறுப்பு, அதில் துளி நீலம். மஞ்சள் கறுப்பு மூன்றுக்கு ஒன்றில் தொடங்கி, கைக்குட்டை அளவு துண்டில் போட்டுக் காயவைத்துப் பாருங்கள். ஈரத்தில் ஒரு படி கருமையாகத் தெரியும், அதை நம்பக் கூடாது. ஓஜி-107 என்ற நிறம் சாம்பல் கலந்த இருண்ட பச்சை. இரண்டு செட்டையும் ஒரே தொட்டியில் இரட்டைக் கணக்கில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் நிறம் ஒன்றுபோல் வராது. (அசல் சட்டைகளும் சலவைக்குச் சலவை வேறு நிறம்தான் என்று ஓஜி_107 சொல்வார், அது நியாயம்.)

கடலோர ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஆகவே ஆகாது. கடினநீரில் சோடா போட்டதும் மாவு போலப் படியும், துணி மேகம் மேகமாக வரும். கேன் தண்ணீர் வாங்குங்கள், அல்லது மழைநீர். டிசம்பர் நாடகம் என்றால் ஐப்பசியில் மழைக்குப் பஞ்சமில்லை, காயவைக்கத்தான் வெயில் இருக்காது.

ஓஜி_107:

நிழலில் காயட்டும், பரவாயில்லை. அடுத்தது எழுத்துப் பட்டை. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடையில் இரண்டு பட்டை: ஒரு அங்குல அகலம், ஆலிவ் பச்சைத் துணியில் கறுப்பு நூல், முக்கால் அங்குல உயர எழுத்து, வால் இல்லாத தடிமனான வடிவம். அணிபவரின் வலப்பக்கம் குடும்பப் பெயர் மட்டும், இடப்பக்கம் யூ.எஸ். ஆர்மி, புள்ளிகளோடு. மஞ்சள் எழுத்தில் கறுப்புப் பட்டையும், வெள்ளைப் பெயர்ப் பட்டையும் அறுபதுகளின் நடுப்பகுதி வரைக்கும். 1970க்கு மங்கல் நிறம். சாய்ந்த பாக்கெட்டுக்கு இணையாகச் சாய்த்தும் தைத்தார்கள், நேராகவும் தைத்தார்கள். எதுவானாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கட்டும்.

இடத் தோளில் பிரிவுச் சின்னம். சைகோன் தலைமையகக்காரன் என்றால் எம்.ஏ.சி.வி., அதாவது வியட்நாமில் அமெரிக்கப் படைகளின் தலைமைக் கட்டளையகத்தின் சின்னம்: சிவப்புக் கேடயம், மஞ்சள் மதிலின் இடைவெளி வழியாக மேல்நோக்கிய வெள்ளை வாள். வலத் தோள் காலியாக இருக்கட்டும். அந்த இடம் முன்பு ஒரு போரில் பணிபுரிந்த பிரிவின் சின்னத்துக்கு. அங்கே அமெரிக்கக் கொடியைத் தைக்கும் ஆசை வரும், அது பிற்காலப் படங்களின் தாக்கம்.

போலீஸ் ஷூ ஏன் ஆகாது என்றால் முன்மூக்கில் குறுக்குத் தையலோடு தனித்தோல் தொப்பி இருக்கும். அமெரிக்க பூட்ஸ் மூக்கு வழுவழு. ஜங்கிள் பூட் என்றால் கீழே கறுப்புத் தோல், மேலே பச்சைத் துணி, உட்புற வளைவில் தண்ணீர் வடிய இரண்டு சல்லடைத் துளை. மேல்பகுதி பூராவும் கேன்வாஸாக இருக்கும் நம் ஊர் பச்சை ஜங்கிள் பூட்டை வாங்கி, கணுக்காலுக்குக் கீழ் உள்ள பகுதிக்குக் கறுப்பு லெதர் பெயின்ட் மூன்று கைப் பூச்சு, உட்புறம் இரண்டு பித்தளைக் கண்ணி அடித்தால் ஆறடியில் ஏமாற்றும். பூச்சுக்கு முன் ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் விரல் மடியும் இடத்தில் உரியும்.

அழுக்காக்க வேண்டாம். ஆரோவில் செம்மண்ணைப் பூசலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது காட்டுக்காட்சிக்கு அருமை, இங்கே பொருந்தாது. சைகோனில் சலவைக்காரம்மா கஞ்சி போட்டுப் பெட்டி போட்டுத் தந்த உடையோடு வருகிறவன் இவன். நாலைந்து முறை துவைத்து, காலர் மடிப்பையும் கைவிளிம்பையும் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிறகு அரிசிக்கஞ்சி. புதுத்துணி மினுக்கம் போய்விடும்.

தாள்நாணயம்_முதுநகர்:

உடை சம்பந்தமில்லை, ஆனால் கேட்காமலே சொல்கிறேன். சிப்பாய் டாலர் நோட்டை நீட்டுவதாகக் காட்சி இருந்தால் மாற்றுங்கள். வியட்நாமில் 1965 ஆகஸ்ட் கடைசியிலிருந்து 1973 வரை அவர்களுக்குச் சம்பளம் எம்.பி.சி. என்ற ராணுவச் சீட்டில். முகாம் கடையில் மட்டும் செல்லும். சென்ட் மதிப்புக்கும் நாணயம் கிடையாது, தாள்தான். ஜூன் 1970 என்றால் 681 வரிசை. 1969 ஆகஸ்டில் வந்து 1970 அக்டோபரில் ஒரே நாளில் செல்லாமல் போனது. வெளிக்கடையில் கொடுக்க வேண்டியது உள்ளூர்ப் பணமான பியாஸ்தர். சிப்பாய் எம்.பி.சி.யை நீட்டினால் அது சட்டத்துக்குப் புறம்பு. உங்கள் ஜவுளிக்கடைக்காரர் அதை வாங்கினால், திடீர் மாற்றுநாளில் கையிருப்பு காகிதமாகும் என்ற பயத்தோடுதான் வாங்குவார். பேரத்துக்கு நல்ல மசாலா.

மேடைச்சாமான்_புதுவை:

வசனம் மாற்றப்படுகிறது! வுட்லேண்ட் சட்டை, ஹெல்மெட் என்ன செய்வது? விளம்பரத்துக்குக் கடற்கரை சாலையில் படம் எடுக்கும்போது போட்டுக்கொள்ளலாமா?

ஓஜி_107:

விளம்பரத்தில் தப்பான சட்டை போட்டு, மேடையில் சரியான சட்டை போட்டால் அந்தப் பெரியவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். 1991 வளைகுடாக் கதை வந்தால் அந்தச் சட்டை உதவும். அந்தப் பாலைவனப் போருக்கும் பலர் வுட்லேண்டில்தான் போய் இறங்கினார்கள். அதுவரை பத்திரப்படுத்துங்கள். பாதி நைலான் துணி, கஞ்சி வேண்டாம், காஸ்டிக் சோப்பு வேண்டாம். ஹெல்மெட்டின் உள்பட்டைத் தோலில் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள், மாதம் ஒருமுறை காற்றாட எடுங்கள்.

வெளிப்புறப் படப்பிடிப்பு பற்றி: இந்திய ராணுவத்தார் என்று நம்பவைக்கும் எண்ணத்தோடு அவர்கள் உடையைப் போன்றதை அணிவது குற்றம். பழைய 140ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 168. உங்களுடையது அமெரிக்க உடை, எண்ணமும் அதுவல்ல. ஆனாலும் தெருவில் போகிறவருக்கு உருமறைப்பு என்றாலே ராணுவம்தான். வெற்றுப் பச்சையிலும் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, நகலைக் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள். இடம் மாறும்போது மேலே ஒரு வெள்ளைச் சட்டை.

பாபின்_மஞ்சக்குப்பம்:

தொப்பி விட்டுப்போச்சு. சாயம் போட்ட துணியிலேயே வெட்டுங்கள், ஒரு தொப்பிக்கு 40 செ.மீ. நீளம் போதும். முன்பக்கம் பக்ரம் (விறைப்பான உள்துணி) வைத்து நிமிர்த்த வேண்டும், உச்சியில் பட்டன் வேண்டாம் என்று நினைக்காதீர்கள், துணி மூடிய பட்டன் வைத்தால்தான் ஆறு இதழும் சேரும் இடம் மறையும். முன்னால் எழுத்து எதுவும் கூடாது. கடைக்குள் வந்ததும் நடிகர் தொப்பியைக் கழற்றிக் கால்சட்டைப் பாக்கெட்டில் செருகட்டும். தொடைப் பாக்கெட்டை எட்டு அங்குல அகலத்துக்குக் குறையாமல் தைக்கச் சொன்னேன் என்று தையற்காரரிடம் சொல்லுங்கள்.