பட்ஜெட் ஆப்: யாரிடம் கொண்டுபோவது?

ஆப்_தம்பி: வங்கி எஸ்எம்எஸ்ஸைப் படித்து வரவு செலவைத் தானே பிரித்துக் காட்டும் ஆப் தயார். முதலில் சென்னை ஓஎம்ஆர் ஐடி பசங்களிடம் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன். கையில் காசு புழங்குகிறது, சந்தாவும் கட்டுவார்கள். சரிதானே?

பனியன்_ஊர்க்காரி: அவர்களுக்கு எதற்குத் தம்பி? சம்பளம் வந்ததும் இஎம்ஐ தானாகப் போய்விடும். மீதி எங்கே போனது என்று பார்க்கவே பயப்படுவார்கள். எங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைச் சம்பளம். அன்று இரவே குழுத் தவணை, மளிகைப் பற்று, நகைக்கடைச் சீட்டு என்று பிரித்து வைத்தாக வேண்டும். ஆவணி வந்தால் மொய் வேறு. ஐநூற்றொன்றா ஆயிரத்தொன்றா என்று பழைய மொய் நோட்டைப் புரட்டித்தான் முடிவு செய்வோம். கணக்குப் பார்க்காமல் ஒரு வாரம் ஓடாது. உங்கள் ஆப்பில் வாரக் கணக்கு உண்டா?

சோழிங்கநல்லூரான்: அக்கா, தேவை இருப்பது வேறு, காசு கொடுப்பது வேறு. இலவசமாகக் கொடுத்தாலும் நிலைக்காது. அமெரிக்காவில் இன்ட்யூட் நிறுவனத்தின் மின்ட் என்ற பட்ஜெட் ஆப் இலவசம்தான். கார்டு, கடன் பரிந்துரைத்துக் கிடைத்த கமிஷனில் ஓடியது. 2024 மார்ச்சில் மூடிவிட்டு அவர்களுடைய இன்னொரு ஆப்பான கிரெடிட் கர்மா பக்கம் போகச் சொன்னார்கள். எஸ்எம்எஸ் படித்துக் கணக்குக் காட்டிய நம் ஊர் வால்நட் ஆப்பை 2018-ல் வாங்கியது கேபிடல் ஃப்ளோட், கடன் கொடுக்கும் நிறுவனம். சிக்கனம் சொல்ல வந்த ஆப் கடன் விற்கப் போகும்.

பனியன்_ஊர்க்காரி: கடன் விற்க ஆள் தேடுகிறவன் முதலில் எங்கள் தெருவுக்குத்தான் வருவான். அதனால்தான் சொல்கிறேன், மாதம் முப்பது ரூபாய் நேராகக் கேளுங்கள். கொடுப்போம்.

பாஸ்புக்_மாமா: இரண்டு பேரும் அடித்தளத்தையே பார்க்கவில்லை. நூறு ரூபாய்க்குக் குறைவான யுபிஐ செலவுக்கு எச்டிஎஃப்சி 2024 ஜூனிலேயே எஸ்எம்எஸ்ஸை நிறுத்திவிட்டது. சில்லறைச் செலவுக்கு முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் யுபிஐ லைட்டில் குடித்த டீ பாஸ்புக்கிலும் வராது, மொத்தமாக ஏற்றிய தொகை மட்டும்தான் வரும். எஸ்எம்எஸ்ஸை நம்பினால் பாதிக் கணக்குதான் கிடைக்கும். கையால் எழுதிப் பழகியவர்களைத் தேடுங்கள்.

சோழிங்கநல்லூரான்: எழுதுகிறவர் நோட்டை ஏன் விடப்போகிறார் மாமா?

பனியன்_ஊர்க்காரி: பந்தலுக்குக் கிளம்பும் நேரத்தில் பெரியப்பா வீட்டு மொய்யை நோட்டில் தேடிப் பாருங்கள், தெரியும்.

ஆப்_தம்பி: பழைய நோட்டைப் போட்டோ எடுத்து ஏற்றும் வசதி கொடுத்தால்?

பனியன்_ஊர்க்காரி: என் மாமியார் கையெழுத்தை எந்த ஆப் படிக்கும்? முதலில் வாரக் கணக்கைப் போடுங்கள், அப்புறம் பார்ப்போம்.