புதுப்பிப்பு: அபராதச் சீட்டை எதிர்த்தேன், விசாரணை முடிந்தது

சிவப்பு விளக்கில் நிற்காமல் திரும்பியதாக எனக்கு அபராதச் சீட்டு வந்தது. கட்டிவிடலாமா, எதிர்க்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். எதிர்த்தேன், நேற்று விசாரணை.

"முதலில் கட்டு, அப்புறம் வாதாடு" என்று ஒருவர் சொல்லியிருந்தார். நல்லவேளை, கேட்கவில்லை. கட்டினாலே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். சீட்டில் இருந்த கடைசித் தேதிக்குள் குற்றத்தை மறுப்பதாக எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். தேதி தவறினால் நாம் இல்லாமலேயே தீர்ப்பாகிவிடலாம்.

உண்மையில் கைகொடுத்தது, எனக்கு எதிரான ஆதாரங்களின் நகலை முன்கூட்டியே கேட்டு வாங்கியதுதான். காவலர் எங்கே நின்றார் என்பது அவர் குறிப்பிலேயே இருந்தது. அங்கே போய் நின்று பார்த்தேன். எனக்கான விளக்கே தெரியவில்லை, மரக்கிளை மறைக்கிறது! படமெடுத்து மூன்று பிரதி போட்டேன். (சீட்டில் வண்டியின் நிறம் தவறாக இருந்ததைத்தான் துருப்புச்சீட்டு என்று நம்பியிருந்தேன். நீதிபதி அதை எழுத்துப்பிழை போலத் திருத்திவிட்டு நகர்ந்துவிட்டார்.)

குறுக்கு விசாரணையில் காவலரிடம் இரண்டே கேள்வி கேட்டேன். எங்கே நின்றீர்கள்? அங்கிருந்து என் விளக்கு தெரிந்ததா? எதிர்ப்பக்க விளக்கை வைத்து ஊகித்ததாகச் சொன்னார். படத்தைக் கொடுத்தேன். சந்தேகத்தின் பலன் எனக்குக் கிடைத்தது, அந்தக் குற்றச்சாட்டு தள்ளுபடி.

அதே சீட்டில் இண்டிகேட்டர் போடாத குற்றமும் இருந்தது. அது என் தப்புதான். அதற்கு மட்டும் கட்டிவிட்டு வந்தேன்.