ராஸ்பெர்ரி பையிலிருந்து சர்வோ, ரிலே, எல்இடிக்கு மின்சாரம் எடுத்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நண்பர்களே, நான்கு எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்) வைத்து ஒரு சின்ன ரோபோ கை செய்தேன். அதை இயக்குவது ராஸ்பெர்ரி பை 4 என்ற ஒற்றைப் போர்டுக் கணினி. சர்வோக்களின் சிவப்பு ஒயர் நான்கையும் ஒன்றாக முறுக்கி, போர்டில் ஒயர் செருகுவதற்காக நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கம்பிகளில் (பின்), 5 வோல்ட் வரும் 2ஆம் பின்னில் செருகியிருந்தேன். ஒவ்வொரு சர்வோவாக அசைத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கை ஒரு பொருளைத் தூக்கும்போது, அதாவது நான்கும் சேர்ந்து இழுக்கும்போது, போர்டு அணைந்து மறுபடி தொடங்கியது.

முதலில் நிரலில்தான் தப்பு என்று நினைத்தேன். இரண்டு இரவு வரி வரியாகப் பார்த்தேன். மூன்றாவது முறை அணைந்தபோது எஸ்டி கார்டும் கெட்டுப்போனது. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அப்படி ஆகும். அப்புறம் தற்செயலாக மானிட்டரை இணைத்தபோதுதான் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்து வந்து போவதைப் பார்த்தேன். மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தக் குறி வரும். அந்த நேரத்தில் போர்டின் சிவப்பு விளக்கும் அணைந்து எரியும். மானிட்டர் இல்லாமல் ஓட்டியதால் எனக்கு இது எதுவும் தெரியவில்லை, விளக்கையும் கவனிக்கவில்லை.

சரி, மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்போம் என்று 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் (பூச்சிய வோல்ட் முனை) நடுவில் வைத்தேன். கை ஓய்வில் இருக்கும்போது 5.08. தூக்கும்போது 4.9 என்று காட்டியது. 'இது போதுமே, பிறகு ஏன் அணைகிறது?' என்று குழம்பிப்போனேன். மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் அளந்து சராசரியைக் காட்டும். சர்வோ மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தத்தில் வரும் பள்ளமோ சில மில்லிநொடிதான். மீட்டர் அதைப் பார்ப்பதே இல்லை. மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் ஒன்று நண்பரிடம் இருந்தது, அதில் பார்த்தபோது ஒவ்வொரு அசைவுக்கும் கோடு செங்குத்தாகக் கீழே விழுந்து எழுந்தது. எஸ்ஜி90 போன்ற பொடி சர்வோகூட, தடைபட்டு நின்றால் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நான்கும் சேர்ந்தால் இரண்டு ஆம்பியரைத் தாண்டும். பை 4க்கே 3 ஆம்பியர் அடாப்டர்தான் சொல்லியிருக்கிறார்கள், அதில் போர்டின் தேவையும் அடக்கம்.

இப்போது சர்வோவுக்குத் தனி மின்சாரம் கொடுக்கப் போகிறேன். அதற்கு முன் உங்கள் அனுபவங்களைக் கேட்க ஆசை. என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதுங்கள்.

—

நான் இழந்தது ஒரே ஒரு பின். செடிகளுக்குத் தண்ணீர் விடும் பம்ப்பை இயக்க 5 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று வாங்கினேன். இயக்கும் சர்க்யூட்டோடு வரும் மாடியூல் இல்லை, வெறும் ரிலே. அதன் காயிலின் (கம்பிச் சுருளின்) ஒரு முனையை, நிரலால் இயக்கக்கூடிய ஜிபிஐஓ 17 என்ற பின்னிலும் மறுமுனையை கிரவுண்டிலும் வைத்தேன். 3.3 வோல்ட்டுக்கே 'டிக்' என்று இழுத்தது, வேலை முடிந்தது என்று நினைத்தேன். நான்காம் நாள் பம்ப் நிற்கவில்லை. பின்னை அணைக்கச் சொன்னாலும் அணையவில்லை, அது முழுநேரமும் மேலேயே நின்றுவிட்டது. போர்டின் மற்ற பின்கள் இன்றுவரை வேலை செய்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெளிவு. அந்த வகை ரிலே காயில் சுமார் 70 ஓம். 3.3 வோல்ட்டில் கிட்டத்தட்ட 47 மில்லிஆம்பியர். ஒரு பின்னுக்கு 16 மில்லிஆம்பியர், எல்லாப் பின்களும் சேர்ந்து 50 என்பதுதான் பைக்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை. ஒரே பின்னில் அதை நாள் முழுக்க இழுத்திருக்கிறேன். அதைவிட மோசம், ரிலே அணையும் கணத்தில் காயிலில் சேர்ந்திருக்கும் சக்தி பின்னோக்கிப் பாயும். அந்த மின்னழுத்தம் பல பத்து வோல்ட் வரை எகிறும். அந்தப் பின் அதைத் தாங்காது.

இப்போது இப்படி வைத்திருக்கிறேன். பின்னிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டர் வழியாக 2என்2222 டிரான்சிஸ்டரின் பேஸ். எமிட்டர் கிரவுண்டில். காயிலின் ஒரு முனை கலெக்டரில், மறுமுனை 5 வோல்ட்டில். காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, வெள்ளிக் கோடு உள்ள முனை 5 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். அவசரத்தில் டயோடைத் திருப்பி வைத்துவிடாதீர்கள், அப்படி வைத்தால் டிரான்சிஸ்டர் இயங்கிய உடனே 5 வோல்ட் நேராக கிரவுண்டுக்குப் போகும். சால்டர் செய்வதற்கு முன் அந்தக் கோட்டை விரலால் ஒரு முறை தடவிப் பார்ப்பது என் வழக்கம்.

பம்ப் மோட்டாருக்கு மின்சாரம் தனி அடாப்டரிலிருந்து வருகிறது. பைக்கும் அதற்கும் நடுவில் இருப்பது ரிலேயின் தொடர்பு மட்டும்தான்.

—

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நடந்ததே ஒரு நொடியில்தான். 5 வோல்ட் வருகிறதா என்று பார்க்க மல்டிமீட்டர் ஊசியை 2ஆம் பின்னில் வைத்தேன். ஊசி வழுக்கி பக்கத்தில் இருந்த 1ஆம் பின்னையும் தொட்டது. 1ஆம் பின் 3.3 வோல்ட். பொறி இல்லை, புகை இல்லை. சிவப்பு விளக்கு மட்டும் அணைந்தது, பிறகு எரியவே இல்லை. 3.3 வோல்ட் தடத்துக்குள் 5 வோல்ட் பாய்ந்தால் மின்சாரத்தை நிர்வகிக்கும் சிப்போ பிராசஸரோ போய்விடும். இரண்டுக்கும் மாற்று கிடையாது, முழு போர்டும்தான் மாற்ற வேண்டும்.

அன்றிலிருந்து நான் பின்னில் நேரடியாக ஊசி வைப்பதில்லை. ஒரு ஜம்பர் ஒயரைப் பின்னில் செருகி, அதன் மறுமுனையை பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் ஒயர் செருகும் பலகை) தள்ளி வைத்து அங்கே அளக்கிறேன். செருகுவதும் கழற்றுவதும் போர்டு அணைந்திருக்கும்போது மட்டும்.

—

நான் மின்னணு ஆள் இல்லை. வீட்டில் கோப்புகளைச் சேமிக்க பை 3இல் ஒரு 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்கை யூஎஸ்பியில் இணைத்தேன். டிஸ்க் சுழல ஆரம்பிக்கும், 'டிக்' என்று நிற்கும், மறுபடி சுழலும், மறுபடி 'டிக்'. அந்த ஒலியைக் கேட்கவே பயமாக இருந்தது, உள்ளே இருந்தவை பல வருடப் படங்கள். உடனே கழற்றி லேப்டாப்பில் வைத்துப் படங்களைக் காப்பி எடுத்துவிட்டேன். நல்லவேளை, எதுவும் போகவில்லை.

பை 3இல் நான்கு யூஎஸ்பி துளைகளும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும் என்று அப்புறம்தான் படித்தேன். டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடிகளில் மட்டும் ஒரு ஆம்பியர் வரை கேட்கும். விசைப்பலகையும் வைஃபை டாங்கிளும் கூடவே இருந்தால் மிச்சம் ஏது? 2012இல் வந்த முதல் போர்டுகளில் இது இன்னும் இறுக்கம், ஒவ்வொரு யூஎஸ்பி துளைக்கும் 140 மில்லிஆம்பியர் பாலிஃபியூஸ் (மின்சாரம் கூடினால் தடுத்து, பிறகு தானே மீளும் ஃபியூஸ்) வைத்திருந்தார்களாம்.

தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் (ஒரு துளையைப் பலவாக்கும் பெட்டி) வாங்கி டிஸ்க்கை அதில் இணைத்தேன். சத்தம் நின்றது. ஆனால் வேறொன்று ஆரம்பித்தது. பையின் அடாப்டரைப் பிடுங்கினாலும் அதன் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. ஹப்பின் 5 வோல்ட் யூஎஸ்பி கேபிள் வழியாகவே திரும்பி பைக்குள் வந்திருக்கிறது. மறுதொடக்கம் செய்தால் பாதியில் தொங்கும். முழுதாக அணைக்க வேண்டுமென்றால் ஹப்பையும் பிடுங்க வேண்டியிருந்தது. கணினி பக்கத்துக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பாத வேறு ஹப்பை மாற்றிய பிறகுதான் தீர்ந்தது. ஹப் வாங்கியவர்கள் இதை ஒரு முறை சோதியுங்கள்: ஹப்பை மட்டும் மின்சாரத்தில் வைத்து, பையின் அடாப்டரை எடுத்துவிட்டு, விளக்கு எரிகிறதா பாருங்கள்.

—

மேலே ஹார்டு டிஸ்க் பற்றி எழுதியவருக்கு: பை 5 வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. பழைய 3 ஆம்பியர் அடாப்டரை அதில் வைத்தால் போர்டு ஓடும், ஆனால் யூஎஸ்பி மொத்தத்தையும் 600 மில்லிஆம்பியருக்குள் கட்டிவிடும். 5 வோல்ட் 5 ஆம்பியர் தரும் அடாப்டர் என்று அது கண்டுகொண்டால்தான் 1.6 ஆம்பியர் வரை திறந்துவிடும். அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து அந்தக் கட்டைத் தளர்த்தலாம். அடாப்டர் உண்மையில் அவ்வளவு தருமா என்று தெரியாமல் அதைச் செய்யாதீர்கள். நான் செய்து பார்த்து, எஸ்எஸ்டியில் பாதி எழுதிய கோப்புகளோடு நின்றேன்.

—

எல்இடி பட்டையைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். ஒவ்வொரு எல்இடியையும் தனித்தனியாக நிறம் மாற்றக்கூடிய டபிள்யூஎஸ்2812 வகைப் பட்டை. என்னிடம் 60 எல்இடி. முழு வெள்ளையில் ஒன்றுக்கு 60 மில்லிஆம்பியர் வரை போகும், ஆக மொத்தம் 3.6 ஆம்பியர். இதைப் பையின் பின்னிலிருந்து எடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும், அதனால் 5 வோல்ட் 10 ஆம்பியர் தனி சப்ளை வாங்கி பட்டைக்குக் கொடுத்தேன். டேட்டா ஒயரை மட்டும் பையிலிருந்து எடுத்தேன்.

பட்டை பைத்தியம் பிடித்த மாதிரி மின்னியது. சிவப்பு கேட்டால் பச்சையும் நீலமும் மாறி மாறி ஓடியது. கையை ஒயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே நிறம் மாறியது! ஒரு மாலை முழுக்கத் தேடியும் பிடிபடவில்லை. கடைசியில் வரைபடத்தைக் காகிதத்தில் போட்டபோதுதான் கண்டுபிடித்தேன்: பையின் கிரவுண்டும் சப்ளையின் கிரவுண்டும் எங்கேயும் சேரவில்லை. மின்சாரம் தனித்தனியாக இருக்கலாம், கிரவுண்டு பொதுவாக இருந்தே ஆக வேண்டும். டேட்டா ஒயரில் வருவது 3.3 வோல்ட்டா பூச்சியமா என்று பட்டை எதை வைத்து ஒப்பிடும்? ஒரே ஒரு கறுப்பு ஒயரை நடுவில் போட்டேன், பட்டை அடங்கிவிட்டது.

அதன் பிறகும் எப்போதாவது முதல் எல்இடி துடித்தது. 5 வோல்ட்டில் ஓடும் அந்தப் பட்டை, கணக்குப்படி டேட்டா 3.5 வோல்ட்டாவது இருக்க வேண்டும் என்று கேட்கிறது, பை தருவது 3.3தான். 74ஏஹெச்சிடி125 என்ற சிப்பை நடுவில் வைத்து 5 வோல்ட்டாக உயர்த்தினேன். டேட்டா ஒயரில் 330 ஓம் ரெசிஸ்டர், பட்டையின் தொடக்கத்தில் 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். இன்னொன்றும் முக்கியம். பட்டையின் சப்ளை அணைந்திருக்க, டேட்டா மட்டும் வந்தால், அந்த மெல்லிய டேட்டா வழியாகவே பட்டை மின்சாரம் இழுக்கப் பார்க்கும். அதனால் முதலில் பட்டையின் சப்ளை, அப்புறம்தான் பை.

—

எல்லோரும் அடாப்டரைப் பற்றியே பேசுகிறோம், கேபிளையும் கொஞ்சம் பாருங்கள். பல யூஎஸ்பி கேபிள்களில் மின்சாரம் போகும் ஒயர் மெல்லிய 28 கேஜ்தான், மீட்டருக்கு சுமார் 0.21 ஓம். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர், ஆக 0.43 ஓம். 1.2 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் கேபிளிலேயே போய்விடும். அடாப்டர் 5.1 தந்தாலும் போர்டுக்குச் சேர்வது 4.6தான், மின்னல் குறி வரும் இடம். அடாப்டரை மூன்று முறை மாற்றியும் தீராத என் பிரச்சினை, குட்டையான தடித்த கேபிளில் தீர்ந்தது.

—

ஒரு கேள்வி. என்னிடம் 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் பக் கன்வர்ட்டர் வைத்து 5 வோல்ட்டாக்கி பைக்கும் சர்வோக்களுக்கும் ஒன்றாகவே கொடுக்கலாமா?

—

கொடுக்கலாம், ஆனால் கன்வர்ட்டரை இரண்டாக வையுங்கள் தம்பி, ஒன்று பைக்கு, ஒன்று சர்வோவுக்கு. பேட்டரியில் கிரவுண்டு சேர்ந்துவிடும், சர்வோவின் பள்ளம் பைக்கு வராது. பேட்டரியின் பிளஸ் ஒயரில் ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

அந்தக் கன்வர்ட்டரில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருப்பித்தான் வெளிவரும் மின்னழுத்தத்தை வைக்க வேண்டும். புதிதாக வரும்போது அது எங்கே வேண்டுமானாலும் நிற்கும். என் மகளின் பையை நான் அப்படித்தான் எரித்தேன். அளக்காமல் இணைத்தேன், வெளியே வந்தது கிட்டத்தட்ட 12 வோல்ட். அவள் ஆறு மாதமாக அதில் வானிலை அளந்து எழுதி வைத்திருந்தாள். கார்டு பிழைத்ததால் அந்த எண்கள் கிடைத்தன. ஆனால் அன்று அவள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. முதலில் வெளிப்பக்கம் எதுவும் இல்லாமல் திருகை வைத்து 5.1க்குக் கொண்டுவாருங்கள், பேட்டரியைக் கழற்றி மாட்டி மறுபடி அளந்து பாருங்கள், திருகின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள், அப்புறம் பையை இணையுங்கள். முடிந்தவரை யூஎஸ்பி துளை வழியாகவே கொடுங்கள். 5 வோல்ட் பின் வழியாகக் கொடுத்தால், போர்டின் நுழைவாயிலில் இருக்கும் பாதுகாப்பு எதையும் தொடாமல் மின்சாரம் நேராக உள்ளே போகும்.

—

முதலில் எழுதியவன் மறுபடி வந்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி, அப்படியே செய்தேன். சர்வோவுக்குத் தனியாக 5 வோல்ட் 4 ஆம்பியர் சப்ளை, அதன் கிரவுண்டிலிருந்து பையின் 6ஆம் பின்னுக்கு ஒரு கறுப்பு ஒயர், சர்வோக்களுக்குப் பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். பையிலிருந்து சர்வோவுக்குப் போவது நான்கு மஞ்சள் சிக்னல் ஒயர்கள் மட்டும். கேபிளையும் மாற்றிவிட்டேன்.

மின்னழுத்தம் எப்போதாவது இறங்கியதா என்று பையிடமே கட்டளை கொடுத்துக் கேட்கலாம். முன்பு 50005 என்ற எண் வந்தது, அதாவது இப்போதும் குறைவு, முன்பும் குறைந்திருக்கிறது. முன்பு குறைந்து இப்போது சரியாக இருந்தால் 50000. போர்டு மறுபடி தொடங்கினால் அந்தப் பதிவு அழிந்துவிடும், அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். நேற்று கையை ஒரு மணி நேரம் தூக்கி இறக்க விட்டுவிட்டுக் கேட்டேன். பூச்சியம் வந்தது.