வலேரி ஆடம்ஸ்: லண்டன் பதக்கம் வெள்ளியா தங்கமா? கிளைடில் எதைப் பார்க்கணும்?

செம்மண்தடம்:
நியூசிலாந்தின் குண்டு எறிதல் வீராங்கனை வலேரி ஆடம்ஸ் பத்தி ரெண்டு சந்தேகம். பழைய பட்டியல்ல லண்டன் 2012 வெள்ளின்னு இருக்கு, புதுசுல தங்கம். தோஹா 2010 உள்ளரங்கப் போட்டியும் அப்படித்தான். எதை எடுத்துக்கறது? ரெண்டாவது, அவங்க உயரம் 1.93 மீட்டர். 3 கிலோ குண்டு போடற, 1.60 மீட்டர் உயரப் பிள்ளைங்களுக்கு அவங்க கிளைடு (முதுகைக் காட்டி நின்னு, வட்டத்துக்குள்ள சறுக்கி வந்து போடற முறை) வீடியோவைக் காட்டினா எதைப் பார்க்கச் சொல்லணும்?

பழையபட்டியல்:
புதுசுதான் சரி. எல்லாத்துக்கும் காரணம் ஒரே ஆள்: பெலாரஸின் நாத்சேயா ஒஸ்தாப்சுக்.

லண்டன்ல ஒஸ்தாப்சுக் 21.36, ஆடம்ஸ் 20.70. போட்டி முடிஞ்ச ஒரு வாரத்துக்குள்ள ஒஸ்தாப்சுக்குக்கு மெட்டெனலோன்ங்கற ஊக்கமருந்து பாசிட்டிவ்னு வந்து பதக்கம் பறிபோச்சு. செப்டம்பர்ல ஆக்லாந்தில் தனியா விழா வச்சு ஆடம்ஸுக்குத் தங்கம் போட்டாங்க. அப்புறம் ஒஸ்தாப்சுக்கோட 2005 ஹெல்சிங்கி உலகப் போட்டி மாதிரியை மறுபடி சோதிச்சதுல ஆடம்ஸோட வெண்கலம் வெள்ளியாச்சு. தோஹா வெள்ளியும் தங்கமாச்சு. பெய்ஜிங் 2008-ல ரெண்டாவது, மூணாவது வந்த பெலாரஸ்காரங்க ரெண்டு பேருமே பின்னாடி நீக்கப்பட்டாங்க. அங்கே ஆடம்ஸ் 20.56 போட்டு அன்னைக்கே ஜெயிச்சதால அவங்க வரிசை மட்டும் மாறலை.

ஆக இறுதிக் கணக்கு: ஒலிம்பிக்கில் 2008, 2012 தங்கம், 2016 ரியோ வெள்ளி, டோக்கியோவில் 19.62 போட்டு வெண்கலம். திறந்தவெளி உலகப் பட்டம் 2007, 2009, 2011, 2013. தொடர்ந்து நாலு. உள்ளரங்கத்திலும் 2008, 2010, 2012, 2014.

2010 ஆகஸ்ட்ல தொடங்கின 56 தொடர் வெற்றிக் கணக்குல, அன்னைக்கு ரெண்டாவதா முடிச்ச லண்டனும் அடக்கம், அதனால சில பேர் அதைக் குறை சொல்வாங்க. எனக்கு அது நியாயமாப் படலை. 2015 ஜூலை பாரிஸ்ல அஞ்சாவது வந்தப்பதான் அந்த ஓட்டம் நின்னுச்சு. அதுக்கு முந்தின வருஷம் தோளிலும் முழங்கையிலும் அறுவை சிகிச்சை நடந்திருந்தது.

நாலுகிலோ:
ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். உயரம் கொடுக்கறது நாம நினைக்கறதைவிடக் கம்மி. காத்துத் தடையை விட்டுட்டுக் கணக்குப் போடுங்க: குண்டு கையை விடும்போது வேகம் நொடிக்கு 13.5 மீட்டர், கோணம் 36 டிகிரி, உயரம் 2.10 மீட்டர்னா 20.2 மீட்டர் போகும். விடற உயரத்தை 10 செ.மீ. ஏத்தினா கிடைக்கறது ஏறக்குறைய அதே 10 செ.மீ.தான். வேகம் 13-ஆ குறைஞ்சா 1.3 மீட்டர் காலி. வீடியோவுல பார்க்க வேண்டியது அந்த வேகம் எங்கே பிறக்குதுங்கறதைத்தான்.

முதல்ல வலது கால். பின் விளிம்பிலிருந்து கிளம்பும்போது ஆடம்ஸோட இடுப்பு மேலே எழும்பாது, தரைக்கு ஒட்டினாப்ல சறுக்கும். இடது கால் ஸ்டாப் போர்டை (வட்டத்தின் முன்விளிம்புல இருக்கற தடுப்புக் கட்டை) நோக்கி நீளும், வலது கால் உடம்புக்கு அடியில இழுபட்டு வந்து உட்காரும். அந்த நொடியில படத்தை நிறுத்துங்க. கால் திரும்பியாச்சு, தோள் இன்னும் பின்பக்கம்தான் பார்த்துட்டு இருக்கும். இந்த முறுக்குதான் சரக்கு. 2010 கடைசியில ஸ்விட்சர்லாந்தின் ஜான்-பியர் எக்கர்கிட்ட போனாங்க. மூணு முறை உலகச் சாம்பியனான வெர்னர் குந்தோரைத் தயார் பண்ணவர் அவர், குந்தோரும் கிளைடுக்காரர். மறு வருஷமே தேகு உலகப் போட்டியில் 21.24, வாழ்நாள் சிறப்பு.

பிள்ளைங்க அங்கே சறுக்காம குதிப்பாங்க. குதிச்சா இடது கால் தாமதமா இறங்கும், அதுக்குள்ள தோள் திறந்துடும், கடைசியில கை மட்டும்தான் தள்ளும்.

செம்மண்தடம்:
குதிக்கறதேதான் பிரச்சினை. நின்னு போட்டா 8.40, கிளைடுல 8.50. என்ன பண்ணலாம்?

நாலுகிலோ:
10 செ.மீ.க்குக் கிளைடு எதுக்கு! தேறினவங்களுக்கு ஒன்றரை மீட்டராவது கூடும்.

வட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர். நடுவுல குறுக்கே ஒரு சாக்பீஸ் கோடு, பின்னாலிருந்து ஸ்டாப் போர்டு வரை இன்னொண்ணு. குண்டில்லாம பத்துத் தடவை சறுக்கச் சொல்லி, வலது கால் எங்கே விழுதுன்னு குறியுங்க. குள்ளமான பிள்ளைக்கு அது நடுக்கோட்டைக் கொஞ்சம் தாண்டி விழணும், அப்பதான் ரெண்டு காலுக்கும் நடுவுல 80, 90 செ.மீ. இடைவெளியோட இடது கால் போர்டுகிட்ட சேரும். பின்பாதியிலேயே விழுந்தா போர்டுக்கு முன்னாடி அரை மீட்டர் வீணாகும், ஏன்னா அளவெடுக்கறது போர்டோட உள்விளிம்பிலிருந்து. இடது கால் நேர்க்கோட்டை விட்டு இடதுபக்கம் ரொம்ப விலகினா இடுப்பு முன்னாலயே திறந்துக்கும்.

மேடைக்காரன்:
முழங்கையையும் பாருங்க. அது தாழ்ந்தா பந்து எறியற மாதிரி ஆயிடும், முழங்கை வலி வரும், குண்டு தோள்கோட்டுக்குப் பின்னால போனா ஃபவுலும்கூட. குண்டு உள்ளங்கையில படாம விரல் அடியில இருக்கணும், கழுத்தை ஒட்டியே வரணும்.

அப்புறம் ஆறாவது எறி. 2007 ஒசாகா உலகப் போட்டியில் ஒஸ்தாப்சுக் 20.48-ல முன்னிலை, ஆடம்ஸ் கடைசி எறியில 20.54. ரியோவில் அதே அடி திரும்பி விழுந்துச்சு: 20.42-ல இருந்தவங்களைக் கடைசிச் சுற்றுல அமெரிக்காவின் மிஷெல் கார்ட்டர் 20.63 போட்டுத் தாண்டினாங்க. ஆனா வழக்கமா முதல் மூணு எறிக்கப்புறம் எட்டுக்குள்ள இருந்தாத்தான் அந்தக் கடைசி மூணே கிடைக்கும். பள்ளிப் போட்டியிலும் முதல் எறியை அடக்கமா, கால் மாத்தாம (எறிஞ்ச வேகத்துல முன்கால், பின்காலை இடம் மாத்தி வைக்காம) ஃபவுல் இல்லாமப் போடச் சொல்லுங்க. கால் மாத்தும்போதுதான் போர்டு மேல்விளிம்பை மிதிக்கறாங்க. எறிஞ்ச சந்தோஷத்துல முன்பாதி வழியா வெளியேறினாலும் அந்த எறி போச்சு.