'மறதிநோய்' இங்கே பொருந்துமா?

> 'நச்சுயிர்சார் மறதிநோய்' என்றே வைத்துக்கொள்ளலாம். மக்களுக்குப் பழகிய சொல்.

அன்புள்ள ஐயா,

பழகிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் எச்.ஐ.வி.யால் வரும் டிமென்ஷியாவுக்கு, அதாவது அன்றாட வாழ்வையே குலைக்கும் அளவுக்குச் சிந்திக்கும் ஆற்றல் குறைவதற்கு, அது ஆபத்தான பெயர் என்பேன். அல்சைமரில் பெரும்பாலும் மறதி முந்திக்கொள்ளும். இதிலோ முதலில் குறைவது வேகம். 100-லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால் 93, 86, 79 என்று நோயாளி சரியாகவே சொல்வார். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் நாம் காத்திருக்க வேண்டும். அப்புறம் நடை தளரும், எதிலும் நாட்டம் இராது. "எல்லாம் நினைவிருக்கிறதே, இது எப்படி மறதிநோய்?" என்று வீட்டார் பேசாமல் இருந்துவிட்டால்?

'மூளைத்தேய்வு' என்று இன்னொரு நண்பர் சொன்னார். அது மூளை சுருங்குவதைக் குறிக்கவே வேண்டியிருக்கிறது, எம்.ஆர்.ஐ.யில் கண்ணுக்குத் தெரிவது அதுதான். கூடவே, ஆழத்திலுள்ள வெண்பொருள் (நரம்பிழைகள் நிறைந்த பகுதி) இருபுறமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெளுத்துத் தெரியும். நோயெதிர்ப்பு குன்றியவர்களின் மூளையைத் தாக்கும் ஜேசி வைரஸ் என்ற வேறொரு கிருமி செய்யும் சேதத்தில் அந்த வெளுப்பு பெரும்பாலும் ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும், புறணியை (மூளையின் மேலடுக்கை) ஒட்டிய இழைகள் வரை பரவியும் இருக்கும். படத்தில் தெரிவதற்கு ஒரு சொல், ஆள் இழப்பதற்கு வேறொரு சொல் என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

என் பரிந்துரை 'அறிதிறன்': நினைவு, கவனம், சிந்தனை வேகம் எல்லாம் இதில் அடங்கும். எச்.ஐ.வி.யால் வரும் இந்தக் குறைபாட்டுக்கு 2007-இல் வகுத்த முறையில் மூன்று படிகள் உண்டு: சோதனையில் மட்டும் தெரிவது, அன்றாட வேலையை லேசாகப் பாதிப்பது, டிமென்ஷியா. மூன்றுக்கும் பொதுவாக 'எச்.ஐ.வி.சார் அறிதிறன் குறைபாடு' என்றும், கடைசிப் படிக்கு மட்டும் 'அறிதிறன் இழப்பு' என்றும் சொல்லலாம். கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் அந்தக் கடைசிப் படி அரிதாகிவிட்டது. லேசான குறைபாடு உள்ளவரிடம் போய் 'இழப்பு' என்று சொல்லி அவரைக் கலங்கடிக்கக் கூடாது.

மூளையைப் படமெடுத்து நோயை அறிவதற்குச் சொல்லும் 'படவழி நோயறிதல்' என்பதிலும் எனக்கு ஒரு தயக்கம். 'வழி' என்றால் படமே தீர்ப்புச் சொல்லிவிடும் என்றாகிறது. உண்மையில் கட்டி, டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் தொற்று, ஜேசி வைரஸ் போன்றவை இல்லை என்று விலக்கத்தான் படம் பெரிதும் உதவுகிறது. முடிவுக்கு அறிதிறன் சோதனைகளும் வேண்டும். மூளைச் சுருக்கம் வயதாலும் வரலாம், குடியாலும் வரலாம். அதனால் 'படத்துணை நோயறிதல்' என்கிறேன்.

வைரஸா, நச்சுயிரா, தீநுண்மியா? எதுவானாலும் எனக்குச் சம்மதம். 'மறதி'யை மட்டும் எடுத்துவிடுங்கள், ஐயா.