ஏசிஎல் ஆபரேஷன் முடிந்து 6 மாதம்: கபடி ரெய்டரை எப்போது களத்தில் இறக்கலாம்?

மண்தரை கேட்டது:

வணக்கம். எங்கள் கபடி அணிப் பையனுக்கு வயது 19, எடை 72 கிலோ, ரெய்டர் (பாடிப் போகிறவன்). இடது முழங்காலில் ஏசிஎல் (மூட்டுக்குள் இருக்கும் முன் தசைநார்) அறுந்து, ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) நாண் எடுத்து அதற்குப் பதிலாகக் கிராஃப்ட் வைத்திருக்கிறார்கள். மெனிஸ்கஸில் (மூட்டுக்குள் உள்ள குருத்தெலும்புத் தட்டு) தையல் எதுவும் இல்லை. இந்த வாரத்தோடு 6 மாதம் முடிகிறது.

சைக்கிள், இரண்டு காலிலும் 40 கிலோ ஸ்குவாட், 3 கிலோமீட்டர் மெதுவோட்டம் எல்லாம் வலி இல்லாமல் போகிறது. புதிதாக எடுத்த எம்ஆர்ஐயில் கிராஃப்ட் நன்றாக இருப்பதாக வந்திருக்கிறது. ஒற்றைக் காலில் முன்னால் தாவி அளந்தோம்: வலது 158 செ.மீ, இடது 152 செ.மீ. அதாவது 96 சதவீதம்.

அடுத்த மாதக் கடைசியில் போட்டி. இந்த அளவுகளை வைத்து இறக்கலாமா? தசை வலுவை அளக்கும் ஐசோகைனடிக் மெஷின் பக்கத்தில் எங்கும் இல்லை, அது இல்லாமல் வேறு எதை அளப்பது? நீ கேப் (முழங்கால் உறை) போட்டு ஆடினால் பாதுகாப்பா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பிசியோ_குமரி:

கோச், இறக்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

டெலவேர்-ஆஸ்லோ ஆய்வு 2016-ல் வந்தது. ஏசிஎல் கிராஃப்ட் வைத்த 106 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். திரும்புவதை 9-வது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்காலில் மறுபடி அடிபடும் வீதம் 51% குறைந்தது. தசை வலு, தாவல் சோதனை எல்லாவற்றிலும் 90%-ஐத் தாண்டாமல் களத்துக்குப் போனவர்களில் 38.2% பேருக்கு மறுகாயம். தாண்டிவிட்டுப் போனவர்களில் 5.6% பேருக்கு. உங்கள் பையன் வயதும் சாதகமாக இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016 கணக்கில், 25 வயதுக்கு உட்பட்டு விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் 23% பேருக்கு அந்தக் காலிலோ மறு காலிலோ இன்னொரு முறை ஏசிஎல் போனது. நான்கில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எம்ஆர்ஐ கிராஃப்ட் அறுந்திருக்கிறதா இல்லையா என்று காட்டும். கால் எவ்வளவு சுமை தாங்கும் என்பது அதில் தெரியாது.

தாவிய தூரத்தை நம்பித்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கத்தாரில் கேமராவும் விசைத்தட்டும் வைத்து அளந்தபோது, தூரத்தில் 97% சமமாக இருந்த வீரர்களுக்கே தாவும் நேரத்தில் முழங்கால் செய்த வேலை மறு காலில் 69% அளவுக்குத்தான் இருந்தது. மிச்சத்தை இடுப்பும் கணுக்காலும் ஈடுகட்டுகின்றன. உடம்பு கெட்டிக்காரத்தனமாக முழங்காலை ஒளித்து வைத்துக்கொண்டு தூரத்தை மட்டும் எட்டிவிடுகிறது. ஆகவே குவாட்ஸை (முன்தொடைத் தசை) தனியாக அளக்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

மெஷின் இல்லாவிட்டால் கொக்கி வைத்த டிஜிட்டல் தொங்கு தராசு போதும். 200 அல்லது 300 கிலோ தாங்குவதாக, உச்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதியோடு வாங்குங்கள். கனமான மேசை விளிம்பில் பையனை உட்கார வைத்து, முழங்கால் 90 பாகையில் தொங்கட்டும். கணுக்கால் எலும்புக்கு நான்கு விரல் மேலே துண்டு சுற்றி, அதன் மேல் நீளாத பட்டையைக் கட்டுங்கள். பட்டையின் மறுமுனையில் தராசு. தராசின் மறு கொக்கி காலுக்கு நேர் பின்னால் அசையாத ஒன்றில், மேசையின் பின்கால் என்றால் நல்லது. பட்டை தரைக்கு இணையாக இருக்க வேண்டும், தொய்வே கூடாது. தொடையை மேசையோடு இன்னொரு பட்டையால் கட்டி, கைகளை மார்பில் மடக்கச் சொல்லுங்கள். முதலில் நல்ல கால். பாதி பலத்தில் இரண்டு முறை பழகிவிட்டு, முழு பலத்தில் மூன்று முறை. ஒவ்வொன்றும் 5 விநாடி, இடையில் 1 நிமிடம் ஓய்வு. மூன்றில் பெரியதை எடுங்கள். உதைத்து இழுக்கக் கூடாது, இரண்டு விநாடியில் ஏற்றிப் பிடிக்க வேண்டும். உதைத்தால் தராசு பொய் எண் காட்டும்.

கணக்கு: தராசு காட்டிய கிலோ × 9.81 × முழங்கால் மூட்டுக் கோட்டிலிருந்து பட்டையின் நடு வரை உள்ள தூரம் மீட்டரில். அதை உடல் எடையால் வகுக்க வேண்டும். வெட்டித் திரும்பும் விளையாட்டு ஆடும் ஆணுக்குக் கிலோவுக்கு 3.0 நியூட்டன் மீட்டரை ஒட்டி வர வேண்டும், நல்ல காலோடு ஒப்பிட்டால் 90%-க்கு மேல் இருக்க வேண்டும். இரண்டையும் பாருங்கள். ஆறு மாதம் சும்மா இருந்ததில் நல்ல காலும் இளைத்திருக்கும். சதவீதம் மட்டும் பார்த்தால் இளைத்த காலோடு இளைத்த காலை ஒப்பிட்டதாகிவிடும்.

அளக்கும் முன் வீக்கம் பாருங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டிச் சில்லின் உள்பக்கத்தைக் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை நீவி விடுங்கள். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரே தடவை. உள்பக்கக் குழியில் நீர் அலை மாதிரி திரும்பி வந்தால் மூட்டுக்குள் நீர் இருக்கிறது. நீர் இருந்தால் நரம்பு குவாட்ஸை அடக்கி வைக்கும், எத்தனை செட் போட்டாலும் தசை வேலை செய்யாது.

நீ கேப் பற்றி: முழங்கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வும் தைரியமும் கிடைக்கலாம். கிராஃப்டை அது காப்பாற்றும் என்று நம்பி ஆட விடாதீர்கள்.

---

மண்தரை:

ரொம்ப நன்றி சார். சொன்னபடியே அளந்தோம். பட்டை வரை தூரம் 35 செ.மீ. வலது 64 கிலோ, இடது 45 கிலோ. ஓடி முடித்த மறுநாள் காலையில் உள்பக்கக் குழியில் லேசாக அலை தெரிகிறது. குப்புறப் படுத்து இரண்டு முட்டியும் விளிம்புக்கு வெளியே வைத்தால் இடது குதிகால் வலதைவிட 2 செ.மீ உயரமாக நிற்கிறது. இது எதைக் காட்டுகிறது?

---

பிசியோ_குமரி:

குதிகாலையும் பார்த்தது மிக நல்லது, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

வலது: 64 × 9.81 × 0.35 = 220, எடையால் வகுத்தால் 3.05. இடது: 154.5, அதாவது 2.15. நல்ல காலோடு ஒப்பிட்டால் 70%. தாவல் 96 என்றது, தராசு 70 என்கிறது.

குதிகால் 1 செ.மீ உயர்ந்தால் ஏறக்குறைய 1 பாகை என்பது பொதுக் கணக்கு. இடது கால் முழுசாக நீளவில்லை. சிறிய குறைதான், ஆனால் நீளாத முழங்காலில் குவாட்ஸ் கடைசிப் பத்து பாகையில் வேலையே செய்யாது. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து, முட்டியைத் தொங்க விட்டு 10 நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு தடவை. மேலே உட்கார்ந்து அமுக்குகிற வேலை வேண்டாம். மூன்று வாரத்தில் மாற்றம் இல்லாவிட்டால், அல்லது முன்பக்கம் ஏதோ இடிப்பதாகச் சொன்னால், அறுவை செய்த மருத்துவரிடம் காட்டுங்கள். கிராஃப்டுக்கு முன்னால் வடுத்திசு உருண்டையாக வளர்ந்து தடுப்பது உண்டு. அதைப் பயிற்சியால் கரைக்க முடியாது.

ஓட்டத்தை இப்போதைக்குப் பாதியாகக் குறையுங்கள்.

---

எடைத்தட்டு:

பிசியோ சொன்னதோட சேர்த்து வலு பக்கத்தை நான் சொல்றேன். 40 கிலோ ஸ்குவாட் வலியில்லாம போறதுல பெருசா அர்த்தம் இல்ல. ரெண்டு கால்ல நிக்கும்போது இடுப்பு நைசா வலது பக்கம் சாயும், பாரம் முக்கால்வாசி நல்ல கால்ல போயிடும். பின்னாலருந்து வீடியோ எடுத்துப் பாருங்க, கம்பி சாயறது தெரியும். சாயலைன்னாலும் இடது பக்கம் முழங்கால் செய்ய வேண்டியதை இடுப்பு செஞ்சுட்டிருக்கும்.

அதனால ஒத்தக் கால் வேலைதான். லெக் எக்ஸ்டென்ஷன் (உட்கார்ந்து முழங்காலை நீட்டுற மெஷின்) இருந்தா வாரம் மூணு நாள், இடது காலுக்கு 4 செட், 6-லருந்து 8 தடவை. கடைசி ரெண்டு தடவை நிஜமாவே கஷ்டமா இருக்கணும், செட்டுக்கு நடுவுல 2 நிமிஷம் உட்காரணும். இந்த மெஷின் கிராஃப்டைக் கெடுக்கும்னு பயந்து நிறைய பேர் தொடவே விடறதில்ல. 4-வது வாரத்துலருந்து 90-லருந்து 45 பாகைக்குள்ள ஆரம்பிக்கலாம்னு வழிகாட்டுதல் இருக்கு, ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்டுக்கு முதல் 12 வாரம் கூடுதல் எடை வேண்டாம்ங்கிறது மட்டும் எச்சரிக்கை. ஆறாவது மாசத்துல வலி இல்லன்னா முழு வீச்சுல போலாம். இந்தத் தசைய வேற எந்தப் பயிற்சியும் இப்படித் தனியா பிடிக்காது.

மெஷின் இல்லையா, நீங்க கட்டின தராசு செட்டப்பே பயிற்சிதான். 45 கிலோ உச்சம்னா 70% சுமார் 31. தராசைப் பார்த்துக்கிட்டே 31-ல 40 விநாடி பிடிக்கணும், 5 தடவை. எண் குறைஞ்சா பையனுக்கே தெரியும். கூடவே ஒத்தக் கால் லெக் பிரஸ், பின்கால் பெஞ்சுல வச்சு ஸ்பிளிட் ஸ்குவாட், 20 செ.மீ படியிலருந்து மெதுவா இறங்கறது.

ஹாம்ஸ்ட்ரிங்கை மறந்துடாதீங்க. நாண் அங்கருந்துதான் எடுத்திருக்காங்க. முழங்காலை நல்லா மடக்கின நிலையிலதான் வலு குறைஞ்சிருக்கும், நேரா வச்சு அளந்தா சரியா இருக்கற மாதிரி தெரியும். குப்புறப் படுத்து 90 பாகைக்கு மேல மடக்கற கர்ல், அதுக்கப்புறம் நார்டிக் (முட்டி போட்டு, கணுக்காலை ஒருத்தர் பிடிக்க, உடம்பை மெதுவா முன்னால சாய்க்கறது). நார்டிக்ல ஆரம்பத்துல வாரம் 2 நாள், 2 செட், 5 தடவைக்கு மேல வேணாம், மறுநாள் தொடை பிடிச்சுக்கும்.

சுமை சரியா இல்லையான்னு மறுநாள் காலைல பிசியோ சொன்ன நீவல் சோதனை சொல்லும். வேலை செய்யும்போது பத்துக்கு மூணு வரைக்கும் வலி பரவாயில்ல. காலைல வீக்கம் கூடியிருந்தா அடுத்த தடவை எடையில கால் பங்கு குறைங்க. நாலு வாரத்துக்கு ஒரு தடவை அளந்தா போதும், தினமும் அளந்தா மனசுதான் கெடும்.

---

இடதுகார்னர்:

கபடிக்கே உரிய பக்கம் விடுபட்டிருக்கிறது. ஏசிஎல் அறுவது பாதம் தரையில் ஊன்றிய முதல் 40 மில்லி விநாடி அளவில் நடந்து முடிந்துவிடுகிறது என்று ஆட்ட வீடியோக்களை ஆராய்ந்தவர்கள் கணித்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்குள் யோசித்துத் திருத்திக்கொள்ள யாராலும் முடியாது. கால் எப்படி விழ வேண்டும் என்பது பழக்கமாகவே ஊறியிருக்க வேண்டும்.

ரெய்டரைக் கவனியுங்கள். டச் எடுத்துவிட்டு நடுக்கோட்டைப் பார்த்துத் திரும்புகிறார். ஊன்றிய கால் கிட்டத்தட்ட நேராக இருக்கிறது, உடம்பு திரும்பிவிட்டது, பாதம் திரும்பவில்லை. அப்போது கார்னர் (ஓரத்தில் நிற்கும் தடுப்பாளர்) கணுக்காலைப் பிடித்தால் முட்டி உள்ளே சரிகிறது. மேட் விரிப்பில் ஷூ பிடித்துக்கொள்வதால் பாதம் சுழன்று விடுபடவும் வழியில்லை. மண்ணில் வழுக்கும் என்பதே ஒரு விதத்தில் காப்பு. ஆகவே திரும்பும் பயிற்சியை முதலில் சமமான, கல் பொறுக்கிய மண்தரையில் தொடங்கி, பிறகு மேட் விரிப்புக்குப் போவது நல்லது.

போனஸ் போடுவதும் ஒற்றைக் கால் வேலைதான். நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டரில் உள்ள கோட்டைத் தாண்டி ஒரு கால், பின்கால் அந்தரத்தில். மொத்த எடையும் ஒரே முழங்காலில். எந்தக் காலை நீட்டிப் போனஸ் போடும் பழக்கம் என்று பார்த்து, இடது கால் ஊன்றும் காலாக வருகிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

தராசில் 80% தாண்டி வீக்கமும் இல்லாமல் இருந்தால் ஆள் இல்லாத களத்தில் கால் வேலை தொடங்கலாம்: பக்கவாட்டு நகர்வு, முன்னே போய்ப் பின்வாங்குதல், கால் நீட்டித் தொடுதல். திரும்பும்போது ஒரே ஊன்றலில் வெட்டாமல் மூன்று சிறு அடியாகத் திரும்பப் பழக்குங்கள். முட்டி மடங்கி, பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக. இது பழகிய பிறகு எதிரே ஓர் ஆள், பிடி இல்லை, விசில் வரும் பக்கம் திரும்ப வேண்டும். முன்கூட்டித் தெரிந்து திரும்புவது வேறு, சட்டென்று பார்த்துத் திரும்புவது வேறு. அடிபடுவது இரண்டாவதில்தான்.

பிடியைக் கடைசியில் சேர்க்க வேண்டும், அதிலும் வரிசை உண்டு. முதலில் இடுப்பு, சொல்லிவிட்டுப் பாதி பலத்தில். பிறகு தொடை. கணுக்கால் பிடி எல்லாவற்றுக்கும் கடைசி. பிடிபட்ட காலை நேராக்கி இழுத்துப் போராடாமல், முட்டியை மடக்கி உடம்போடு சேர்ந்து விழச் சொல்லிக் கொடுங்கள். ஒரு புள்ளி போனால் போகட்டும். ஒவ்வொரு படியிலும் குறைந்தது இரண்டு வாரம், மறுநாள் வீக்கம் வந்தால் ஒரு படி கீழே. முழு ஏழு பேர் எதிரே நிற்பதற்கு முன் 90% வந்திருக்க வேண்டும்.

பையன் மனதையும் கேளுங்கள். ஏசிஎல்-ஆர்எஸ்ஐ என்று 12 கேள்வி கொண்ட படிவம் இருக்கிறது, 100-க்கு மதிப்பெண் வரும். பயம் உள்ளவன் நல்ல காலிலேயே எல்லாம் செய்வான்.

மற்ற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஃபிஃபா 11+ என்ற 20 நிமிட வார்ம்-அப்பை நார்வேயில் 1,892 சிறுமிகளிடம் சோதித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கால்பந்துக்காக உருவானது என்றாலும் அதிலுள்ள நார்டிக், ஒற்றைக் கால் சமநிலை, தாவி இறங்குதல், வெட்டித் திரும்புதல் எல்லாம் நமக்கும் அப்படியே பொருந்தும். வாரம் இரண்டு தடவையாவது விடாமல் செய்ய வேண்டும். போட்டிக்கு முந்தைய வாரம் மட்டும் செய்தால் வியர்க்கும், அவ்வளவுதான்.

---

மண்தரை:

அப்போ இந்தப் போட்டிக்கு அவனை எழுதவில்லை. அடுத்த அளவை நான்கு வாரம் கழித்துப் போடுகிறேன். ஹாம்ஸ்ட்ரிங்கையும் இதே தராசில் அளக்க முடியுமா?

---

பிசியோ_குமரி:

முடியும். குப்புறப் படுக்க வைத்து முழங்காலை 90 பாகைக்கு மடக்குங்கள். பட்டை குதிகாலுக்கு மேலே, தராசு தலைக்கு எதிர்ப்பக்கம், பாதத்துக்கு நேர் பின்னால் சுவர்க் கொக்கியில், கணுக்கால் உயரத்திலேயே. இடுப்பு எழும்பாமல் ஒருவர் அமுக்கிப் பிடிக்க வேண்டும். தொடை பிடித்துக்கொள்வது இதில் சகஜம், அதனால் முழு பலத்துக்கு முன் 50, 70, 90 என்று மூன்று தடவை ஏற்றிப் பழக்குங்கள். இரண்டு காலின் எண்ணையும், பட்டை வரை உள்ள தூரத்தையும் சேர்த்து இங்கேயே போடுங்கள்.