"சிரி" என்பது ஆறுதலா, அதட்டலா?

வேப்பங்காய்:
அரபுக் கவிஞர் ஈலியா அபூ மாதியின் 'இப்தஸிம்' (சிரி) கவிதையை நேற்று மொழிபெயர்ப்பில் படித்தேன். ஒருவன் புலம்பிக்கொண்டே போகிறான், கவிஞர் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து தருகிறார். வானம் மூடிக் கிடக்கிறதா? சிரி. காதலி கைவிட்டாளா? சிரி. வியாபாரம் படுத்துவிட்டதா? சிரி. பண்டிகை நெருங்குகிறது, வேண்டியவர்களுக்கு ஏதாவது வாங்கக் கையில் ஒரு திர்ஹம்கூட இல்லை என்கிறான் பாவம். உயிரோடு இருக்கிறாயே, சிரி! கடன்காரன் வாசலில் நிற்கும்போது இப்படிச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். 'இறைவன் பார்த்துக்கொள்வான்' என்பதிலாவது ஒரு பிடி இருக்கிறது.

தறிக்காரன்:
கடைசிப் பகுதியை விட்டுவிட்டீர்களே. விருப்பமில்லாமல் வந்து விருப்பமில்லாமல் போகிறவனுக்கு முகமலர்ச்சியால் என்ன லாபம் என்று அவன் கேட்கிறான். உனக்கும் சாவுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்வரை சிரி, அப்புறம் சிரிக்கப்போவதில்லை என்பது பதில். மறுமை பற்றி ஒரு சொல் இல்லை. 'அத்தலாசிம்' (புதிர்கள்) என்ற கவிதையை எழுதியவரும் இவர்தான். 1927-இல் வந்த 'அல்ஜதாவில்' தொகுப்பில் இருக்கிறது. எங்கிருந்து வந்தேன், ஏன் வந்தேன் என்று கேட்டுக்கேட்டு, பத்திக்குப் பத்தி "எனக்குத் தெரியாது" என்று முடிப்பார். அந்தத் 'தெரியாது'வைத் தாண்டி வந்த சிரிப்பு இது. காசில்லாதவன் கஷ்டம் தெரியாதவரும் இல்லை. சிறு வயதிலேயே லெபனானை விட்டு அலெக்சாந்திரியா போய் சிகரெட் விற்றவர், பிறகு அமெரிக்காவில் பிழைத்தவர்.

வேப்பங்காய்:
சாண் கணக்கு நல்ல வரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு கவிதையில், நோயில்லாமலே முறையிடுகிறவனே, நோய் வந்தால் என்ன ஆவாய் என்று அதட்டுகிறார். நீ அழகாக இரு, உலகம் அழகாகத் தெரியும் என்கிறார். அப்படியானால் உலகம் அசிங்கமாகத் தெரிந்தால் குற்றம் என் கண்ணிலா? துனீசியக் கவிஞர் அபுல் காசிம் அஷ்ஷாபியைப் பாருங்கள். நிஜமாகவே இதய நோயாளி, 1934-இல் 25 வயதில் செத்துப்போனார். 'மக்கள் வாழ விரும்பினால் விதி பணிந்தே ஆகவேண்டும்' என்று முந்தைய வருஷம்தான் எழுதினார். அவர் யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை.

மூன்றாம்ஜாமம்:
அஷ்ஷாபி சொன்னது ஆறுதல் இல்லை, அறைகூவல். துனீசியாவின் தேசிய கீதத்தில் அந்த வரி சேர்ந்ததும் அதனால்தான். ராத்திரி தூக்கம் வராதவனுக்கு அது உதவாது. 'இடுக்கண் வருங்கால் நகுக' என்ற வள்ளுவரும் துன்பத்தை வெல்லலாம் என்றே காரணம் சொல்கிறார். அபூ மாதி வெற்றிக்கெல்லாம் உறுதி தரவில்லை. எனக்கு அஷ்ஷாபி, அபூ மாதி இரண்டு பேரையும்விட பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ்தான் பிடிக்கும். இந்த மண்ணில் வாழத் தகுந்தவை இருக்கின்றன என்று தொடங்கி ஏப்ரலின் தயக்கம், விடியற்காலை ரொட்டி மணம், கல்மேல் புல் என்று எடுத்து வைத்துக்கொண்டே போகிறார். ஏவல் வினையே இல்லை, கவனித்தீர்களா?

வேப்பங்காய்:
அதேதான் நான் சொல்ல வந்தது! ரொட்டி மணத்தை நம்பலாம். 'சிரி'யை எப்படி நம்புவது?

தறிக்காரன்:
அந்தப் பட்டியல் எங்கே போய் முடிகிறது? பாலஸ்தீனம் என்ற பெயரில். சாய்ந்துகொள்ள அவருக்கு ஒரு மண் இருந்தது, பறிபோனதாக இருந்தாலும். அபூ மாதியின் ஆளுக்கு அதுவும் இல்லை, ஆனால் பேச இடம் கிடைக்கிறது. ஒவ்வொரு 'சிரி'க்கும் முன்னால் 'அவன் சொன்னான்' என்று வருகிறதே. சும்மா அதட்டுகிறவர் எதிராளியை இத்தனை தடவை பேச விடுவாரா? அப்புறம் இன்னொன்று: அவன் சிரித்ததாகக் கவிதையில் எங்கேயும் இல்லை.